ரசமட்டக் குமிழி

தொடுவானத்தை நேராக்கினால் தண்ணீர் சாய்ந்தது. தண்ணீரை நேராக்கினால் தொடுவானம் சாய்ந்தது. மதியம் சாப்பிட்டு எழுந்ததிலிருந்து அவள் இந்த இழுபறியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கணினித் திரையில் ஒரு பழைய கல்குவாரி. கல் எடுப்பதை நிறுத்திப் பல காலமாகி, தோண்டிய பள்ளம் முழுக்கத் தண்ணீர் தேங்கி, மேலிருந்து பார்க்கக் கரும்பச்சையாய் ஒரு பெரிய தட்டுப் போலக் கிடந்தது. அதற்கு அப்பால் சமவெளி. சமவெளி முடிகிற இடத்தில் வானம் தொடும் கோடு. குவாரியைச் சுற்றி விடுமுறை வீடுகள் கட்டப்போகிற ஒரு முதலாளிக்காக அவள் கணவன் ட்ரோனில் எடுத்துவந்த காட்சி அது. பறக்க விடுவது அவன் வேலை; அவன் கோணலாகக் கொண்டுவருவதை நிமிர்த்துவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் இதே ஏற்பாடுதான் என்பாள்.

சாய்ந்த காட்சி அவளுக்குப் புதிதல்ல. காற்றடித்தால் சாயும், வேகமாகத் திரும்பினால் சாயும். தொடுவானம் மலைக்குப் பின்னால் மறைந்துபோன படங்களில் எங்காவது ஒரு குளம் தென்பட்டால் பிழைத்தோம் என்று அதன் கரையை வைத்து நிமிர்த்திவிடுவாள். தண்ணீர் பொய் சொல்லாது என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் நம்புவது. இங்கே ஒரே படத்துக்குள் வானம் ஒரு நேர் சொன்னது, தண்ணீர் வேறொரு நேர் சொன்னது. லென்ஸின் கோளாறோ என்று பார்த்தாள். லென்ஸ் என்றால் கோடு வளையும், இது வளையவில்லை. முழுக் குவாரியும் இடது பக்கமாகச் சரிந்து, ஒரு சொட்டுக்கூட வழியாமல் நின்றது.

"என்னங்க, காலிப்ரேட் பண்ணீங்களா இல்லையா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"பண்ணாம பறக்க விடுவேனா?" குளியலறையிலிருந்து பதில் வந்தது.

"எங்க வச்சுப் பண்ணீங்க?"

"தண்ணி ஓரமா ஒரு பாறை. மேஜை மாதிரி. அவ்வளவு சமமான இடம் உங்க அப்பா வீட்டுலகூடக் கிடையாது."

"அப்புறம் ஏன் இப்படிச் சாயுது?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான். தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ட்ரோனின் வயிற்றில் தொங்கும் கேமராவை மூன்று குட்டி மோட்டார்கள் தாங்கிப் பிடித்திருக்கும். ட்ரோன் எப்படி ஆடினாலும் கேமரா ஆடாது. ஆனால் எது நேர் என்பதை அந்த மோட்டார்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்; காலிப்ரேட் என்பது அதுதான். அதற்காக ட்ரோனைச் சமமான இடத்தில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுத் தொடாமல் விலகி நிற்பார்கள். வைத்த இடம்தான் மட்டம் என்று அதன் மனதில் பதிந்துவிடும். கோணலான இடத்தில் வைத்தால் கோணலையே நேர் என்று நம்பிக்கொண்டு காலமெல்லாம் பறக்கும். பாவம், அதற்கு வேறு தெரியாது.

மட்டம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் தனி மரியாதை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டிய படம் கோணலாக இருந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கணவனின் தங்கைதான் அவளுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தது. கொத்தனார்கள் சுவரின் நேர் பார்ப்பார்களே, குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நடுவில் வந்து நிற்கும், அந்தக் கருவியின் பெயர். முதல் கல்யாண நாளுக்கு அவன் நிஜமாகவே ஒரு ரசமட்டத்தை வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "என் பொண்டாட்டி ரொம்ப மட்டமானவ," என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

சாய்ந்த படத்தை நிமிர்த்தினால் நாலு மூலையும் கொஞ்சம் வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று தண்ணீரும் வானமும் ஒத்துவராத எரிச்சலில், திருத்தத்தையெல்லாம் நீக்கி மூலப்படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் இடது மூலையில் அது கண்ணில் பட்டது. தண்ணீரின் ஓரத்தில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, அடித்த ஆணி போல நின்ற ஓர் உருவம். சுற்றியிருந்த மரமும் புதரும் மின்கம்பமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, அந்த உருவம் மட்டும் படத்தின் சட்டத்துக்கு இம்மியும் பிசகாமல் நேராக நின்றது.

அவள் படத்தைத் திருப்பி மரங்களை நிமிர்த்தினாள். உருவம் சாய்ந்தது. அந்தச் சாய்வில் எந்த மனிதனும் விழுந்துவிடுவான். அது விழவில்லை.

தலை துவட்டிக்கொண்டு வந்த கணவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஈரச் சோப்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது, நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்தது போல.

"பாறையா இருக்கும்," என்றான்.

"பாறைக்குக் கை இருக்குமா?"

"நேராத்தானே நிக்குது," என்றான் அவன். "அதுல என்ன உனக்குக் கஷ்டம்?"

மூலப்படத்தில் அது நேராகத்தான் இருந்தது. ஆனால் அப்போது திரையில் இருந்தது அவள் திருப்பி நிமிர்த்திய படம்.

அவன் குவாரிக்குப் போய்வரப் போய்வர அந்த உருவம் கிட்டே வந்தது. அடுத்த தடவை எடுத்துவந்ததில் அவன் காலிப்ரேட் செய்த பாறையின் மேல் ஏறி நின்றது. அதற்கடுத்த காட்சிதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. நேர் மேலிருந்து கீழே பார்த்து எடுத்த காட்சி. அப்படி எடுத்தால் மனிதர்களின் உச்சந்தலையும் இரண்டு தோளும் மட்டும்தான் தெரியும். கீழே ரிமோட்டோடு நின்ற அவள் கணவனும் அப்படித்தான் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தான். அவனுக்குப் பக்கத்தில் அந்த உருவம் தலை முதல் கால் வரை முழுசாகத் தெரிந்தது. தரையில் நிற்கவில்லை அது. கேமராவுக்கு எது நேரோ, அதில் நின்றுகொண்டிருந்தது.

கணினியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பாதியில் நிறுத்தி டம்ளருக்குள் பார்த்தாள். தண்ணீர் மட்டமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து ஆறுதலடைந்த தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

அவனிடம் வந்த மாற்றம் முதலில் சிரிப்பதற்கு உரியதாகத்தான் இருந்தது. போகிற இடத்திலெல்லாம் நிலைக்கால் தோளில் இடித்தது. இடது செருப்பு மட்டும் ஓரமாகத் தேய்ந்தது. வீட்டுச் சுவரில் இருந்த படங்களை யாரும் இல்லாதபோது தொட்டுத் தொட்டுச் சாய்த்து வைத்தான்; அவள் நிமிர்த்தினால் மறுபடி சாய்த்தான். "இப்ப யாரு ரசமட்டம்?" என்று அவள் கேலி செய்து பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. பல் தேய்க்கும்போது, கதவைப் பூட்டும்போது, பைக்கின் மேல் உட்காரும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தே இருந்தது. பைக் சாலையில் போவதைக் கண்ணிலிருந்து மறையும்வரை அவள் வாசலில் நின்று பார்ப்பாள். வளைவில் சாய்வது போலவே அவன் நேர்ச் சாலையிலும் சாய்ந்து போனான்.

நாத்தனார் தினமும் மாலையில் வீடியோ அழைப்பில் வருவாள். அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்துகொண்டே பேசுகிறவள். அன்று அவள்கூடக் கேட்டாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் கழுத்து சுளுக்கா?"

"டாக்டரைப் பார்க்கலாம்னா கேட்க மாட்டேங்கறார்."

"அவனா கேட்பான்? அவனுக்குக் காது ரெண்டும் கண்ணாடி மாட்டத்தான்."

சொல்லிவிட்டு நாத்தனார் சிரித்தாள். அவளோடு சேர்ந்து சிரித்தபோது இவள் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. உருவத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தவள், பின்னால் அவன் வந்து நின்றதை அந்த மூடிய தொட்டியின் வாசனையாலேயே உணர்ந்து நிறுத்திக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது அவன் அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உண்மையான கவலையோடு கேட்டான்.

"நீ ஏன் கொஞ்ச நாளா சாய்ஞ்சே நிக்கிற?"

அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"நானா?"

"நீ, வீடு, எல்லாமே. பார்த்துப் பார்த்துத் தலை சுத்துது. அங்க போனாத்தான் எனக்குச் சரியா இருக்கு. நாளைக்குப் போய்க் கடைசி ஷாட்டை எடுத்துட்டா முடிஞ்சுது."

"வேண்டாங்க. எடுத்தது போதும்."

"அவர் நிக்கச் சொல்றார். அந்தப் பாறை மேல, தண்ணியைப் பார்த்து."

"யாரு?"

"பேரு தெரியாது. பேச மாட்டார்." தட்டில் கை கழுவினான். தண்ணீர் தட்டின் ஒரே பக்கமாக ஓடியது. "அங்க அவர் ஒருத்தர்தான் நேரா நிக்கிறார்."

அவள் எழுந்து போய் அவனை இரண்டு தோளிலும் பிடித்து நிமிர்த்தினாள். குழந்தையை நிமிர்த்துவது போலத்தான். அவன் அலறினான். மாடி விளிம்பில் கால் தவறியவன் போல இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தான். "விழறேன், விடு, விழறேன்" என்று கத்தி, நாற்காலியோடு சரிந்து, பழைய சாய்வுக்குப் போன பிறகுதான் மூச்சு வாங்கி அடங்கினான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இவன் இல்லாமல் போய்விடுவான் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. நாளைக்கு அந்தப் பாறையில் ஏறினால் இவன் திரும்பி வரப்போவதில்லை.

மறுநாள் மதியம்வரை பைக் சாவியை ஒளித்துவைத்து, முதலாளி வரச் சொன்னார், சாயங்காலம் போகலாம் என்று பொய் சொல்லி அவனை வீட்டில் நிறுத்திவைத்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் கோணல் முற்றும் கோணல் என்று சும்மாவா சொன்னார்கள். எல்லாம் அந்தப் பாறையில் வைத்துப் பொத்தானை அழுத்தியதில் ஆரம்பித்தது. அந்தக் கருவி அங்கிருந்து ஒரு கோணலான நேரைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டது. அதையே பார்த்துப் பார்த்து இவனும் கற்றுக்கொண்டுவிட்டான். அப்படியென்றால் அதற்கு இந்த வீட்டின் நேரைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

கூடத்து மேஜையின் மேல் ட்ரோனை வைத்து இயக்கினாள். கேமரா பார்ப்பது அவள் போனில் தெரிந்தது. சுவர், ஜன்னல், கதவு எல்லாம் சாய்ந்திருந்தன. நடுவில் அவள் கணவன் மட்டும் நேராக உட்கார்ந்திருந்தான். நினைத்தது சரி என்று மனசுக்குள் ஒரு சின்ன தைரியம் வந்தது.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. விளக்கைப் போட்டாள். அலமாரியிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் துடைத்து மேஜையின் மேல் கிடத்தினாள். குமிழி நடுவில் இல்லை, ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மேஜை எப்போதும் மட்டமாகத்தானே இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. தரை கிரை இறங்கியிருக்கும். காகிதத்தை மடித்து மேஜைக்காலுக்கு அடியில் செருகினாள். குமிழி அசையவில்லை. ஒரு புத்தகத்தை வைத்தாள். கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு புத்தகம். பிறகு பின்வாசலுக்குப் போய் ஒரு செங்கல்லை எடுத்துவந்து வைத்தாள். பிறகு இன்னொன்று. வியர்த்துக் கொட்டியது. எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம். குழாய்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. கடைசியில் குமிழி தயங்கித் தயங்கி நகர்ந்து இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றது.

மனிதர்கள் பொய் சொல்லலாம். ரசமட்டம் சொல்லாது.

"அசையாம இருங்க," என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

கேமரா உயிர் வந்தது போலத் தலையைத் தூக்கியது. மேலே பார்த்தது. கீழே பார்த்தது. மெல்லிய முனகலோடு இடது பக்கம் திரும்பியது. போனில் கூடம் நகர்ந்தது. அலமாரி. ஜன்னல். அவன் நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் ஈரச் சுவர். கேமரா வலது பக்கம் திரும்பியது. மறுபடி ஈரச் சுவர். நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் சுவர் தெரியவில்லை. ஏதோ மறைத்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை.

போனில் படம் மெல்லச் சுழன்றது. சாய்ந்திருந்த சுவர் நிமிர்ந்தது. ஜன்னல் நிமிர்ந்தது. கதவு நிமிர்ந்தது. முடிந்தது என்று ஒரு சின்ன மணி அடித்தது.

அவள் போனை இறக்கிவிட்டு அவனைப் பார்க்கப் பயந்தாள். பிறகு பார்த்தாள். அவன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டும் சமமாக. தலை நடுவில். அவன் பின்னால் சுவரும் படங்களும் நூல் பிடித்தது போல நேராக இருந்தன. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், பழைய சிரிப்பு.

"அப்பாடா," என்றான். "இப்பத்தான் நீ நேரா நிக்கிற."

"நீங்களும்தான்," என்றாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "இனிமே அங்க போகக் கூடாது."

"எதுக்குப் போகணும்? இங்கயே எல்லாம் சரியா இருக்கே."

அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. பயந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். உலகத்தில் உள்ளதெல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட நிம்மதி. அப்போது நாத்தனாரின் அழைப்பு வந்தது. அழைப்பை எடுத்து, இரண்டு பேரும் தெரியும்படி எதிரே அலமாரித் தட்டில் போனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பார், உங்க அண்ணனுக்குச் சுளுக்கு விட்டுடுச்சு," என்றாள்.

நாத்தனார் கையில் கரண்டியோடு திரையில் தெரிந்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"போனை நேரா வைங்க அண்ணி. கோணலாத் தெரியுது."

"நேராத்தானே இருக்கு."

"இல்லையே." நாத்தனார் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். "இருங்க. கதவு நேரா இருக்கு. ஜன்னல் நேரா இருக்கு." கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணி, அந்த மேஜைக்கு ஏன் இவ்வளவு செங்கல்? ஒரு பக்கம் இப்படித் தூக்கி நிக்குதே. அது மேல ட்ரோன் எப்படி வழுக்காம இருக்கு?"

அவள் மேஜையைப் பார்த்தாள். மேஜை மட்டமாக இருந்தது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது.

போன் திரையின் மூலையில் இவர்களின் படம் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். அதில் வீடு நேராக இருந்தது. மேஜை சரிவாக நின்றது. நாற்காலிகளில் இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்து, விழாமல், கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அதே சாய்வில்.

அவள் நிமிரப் பார்த்தாள். உடம்பை அந்தச் சதுரத்தில் தெரிந்த கதவுக்கு நேராகக் கொண்டுவரப் பார்த்தாள். தரை போயிற்று. அடியில் ஒன்றுமில்லை. கரும்பச்சை. குளிர்ந்த காற்று கீழிருந்து முகத்தில் அடித்தது. அவன் கை அவளை இறுக்கிப் பிடித்து இழுத்தது.

"பார்த்து. விழுந்துடப் போற," என்றான் அன்பாக.

அவள் தோளில் ஒரு கை. ஈரமாக இருந்தது. அவன் கைகள் இரண்டும் அவள் கைக்குள் இருந்தன.

"கட் பண்ணு," என்று அவள் நாத்தனாரிடம் சொல்ல வாயைத் திறந்தாள். "பார்க்காத. தயவுசெஞ்சு பார்க்காத." குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

"ஏதோ சொல்றீங்க, சரியாக் கேட்கல," என்றாள் நாத்தனார். புரியாத படத்தைப் பார்த்தால் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"ஆங். இப்ப நேராத் தெரியறீங்க," என்றாள். "மூணு பேரும்."

அவளுக்குப் பின்னால் சமையலறைச் சுவரில் கடிகாரம் நேராகத் தொங்கியது. அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் சாய்த்த தலையைத் திரும்ப நிமிர்த்தவே இல்லை.